காலையில் கை நழுவும் டம்ளர்: வலிப்புக்கு எந்த டாக்டரைப் பார்ப்பது?

கேள்வி: என் தம்பிக்கு 19 வயது. பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறான், விடுதியில் தங்கியிருக்கிறான். ஆறு மாதத்தில் இரண்டு முறை ஃபிட்ஸ் வந்துவிட்டது; இரண்டும் பரீட்சை சமயத்தில், விடியற்காலையில். தலை ஸ்கேன் நார்மல், மூளையின் மின்னலைகளைப் பதிவுசெய்யும் இ.இ.ஜி.யும் நார்மல் என்று சொல்லிவிட்டார்கள். கல்லூரிக்குப் பக்கத்திலிருந்த டாக்டர் எப்டாயின் எழுதிக் கொடுத்திருக்கிறார். உறவினர்கள் ஆளுக்கொரு டாக்டரைச் சொல்கிறார்கள். வலிப்புக்கென்று தனி டாக்டர் உண்டா? எல்லாம் நார்மல் என்றால் மாத்திரை எதற்கு? ஆயுள் முழுக்கச் சாப்பிட வேண்டுமா?

பதில்:

வலிப்பு நோயைப் பார்க்க வேண்டியவர் நரம்பியல் மருத்துவர், அதாவது எம்.பி.பி.எஸ்.ஸுக்குப் பிறகு பொது மருத்துவத்திலோ குழந்தை மருத்துவத்திலோ எம்.டி. முடித்து, அதன்மேல் மூன்று ஆண்டு டி.எம். நியூராலஜி படித்தவர். அறுவை சிகிச்சை செய்யும் நரம்பியல் அறுவை நிபுணர் வேறு, மனநல மருத்துவர் வேறு. இதை ஏன் வலியுறுத்துகிறேன் என்றால், நம் ஊரில் 'நரம்பு டாக்டர்' என்ற சொல் மிகவும் தளர்ந்துபோய்விட்டது. 'நரம்புத் தளர்ச்சி'க்கு லாட்ஜில் அறை எடுத்து மருந்து விற்பவரும் அந்தப் பெயரில்தான் சுவரொட்டி ஒட்டுகிறார். ஆகவே பெயர்ப்பலகையில் பட்டத்தைப் படித்துப் பாருங்கள். நரம்பியல் மருத்துவர்களிலும் வலிப்பு நோயை மட்டுமே தனியாகப் பயின்றவர்கள் இருக்கிறார்கள். திருவனந்தபுரத்தின் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் நிறுவனத்தில் டி.எம்.முக்குப் பிறகு வலிப்பு நோய்க்கென்றே மேல்பயிற்சி உண்டு. உங்கள் தம்பிக்கு முதல் கட்டத்திலேயே அத்தகையவர் தேவைப்படாது. நல்ல நரம்பியல் மருத்துவர் ஒருவர் போதும். அவர் நல்லவரா என்பதை எப்படி அறிவது என்பதைத்தான் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் உங்கள் மற்ற இரண்டு கேள்விகளுக்குமான விடை அதற்குள்ளேயே இருக்கிறது.

வலிப்பு நோயைக் கண்டுபிடிப்பது ஸ்கேனும் அல்ல, இ.இ.ஜி.யும் அல்ல, அது வந்தபோது பக்கத்தில் நின்று பார்த்தவரின் வாய்மொழிதான். இருபது ஆண்டுகளுக்கு மேலாக வலிப்பு நோயாளிகளைப் பார்த்துவருகிறேன். என் அறைக்குள் நோயாளி வந்ததும் நான் கேட்கும் முதல் கேள்வி "வந்ததைப் பார்த்தது யார்?" என்பதுதான். நோயாளிக்கு நினைவு தவறிவிடுவதால் அவரால் அதைச் சொல்ல முடியாது. பார்த்தவரிடம் அங்குலம் அங்குலமாகக் கேட்க வேண்டும்: எந்தக் கை முதலில் இழுத்தது, தலை எந்தப் பக்கம் திரும்பியது, கண் திறந்திருந்ததா மூடியிருந்ததா, முகம் நீலம் பாய்ந்ததா வெளிறியதா, நாக்கின் ஓரம் கடிபட்டதா, எழுந்தபின் எவ்வளவு நேரம் குழம்பியிருந்தார். முகம் வெளிறி, வியர்த்து, கண்ணை இருட்டிக்கொண்டு சரிந்து, இரண்டொரு உதறலுடன் அரை நிமிடத்தில் தெளிந்துவிட்டால் அது பெரும்பாலும் சாதாரண மயக்கம். மூளைக்கு ரத்தம் குறைந்ததால் வந்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டு, தலையை இடமும் வலமுமாக ஆட்டி, விட்டுவிட்டு இருபது நிமிடம் நீண்டால் அது மன அழுத்தத்தில் பிறக்கும் வலிப்பு போன்ற நிலையாக இருக்கலாம். அது நடிப்பு அல்ல, ஆனால் அதற்கு வலிப்பு மாத்திரை பயன்படாது. இந்த இரு சாராரும் ஆண்டுக்கணக்கில் வலிப்பு மாத்திரை தின்றுகொண்டு என்னிடம் வந்து சேர்வது வழக்கமான காட்சி. இப்போது கைப்பேசி இருப்பதால் வேலை எளிதாகியிருக்கிறது. அடுத்த முறை வந்தால், ஒருவர் தம்பியைக் கவனித்துக்கொள்ள, இன்னொருவர் வீடியோ எடுக்கட்டும். முகமும் இரு கைகளும் தெரிந்தால் போதும்.

உங்கள் கேள்வியில் என் கண்ணில் பட்டவை மூன்று: வயது 19, விடியற்காலை, பரீட்சை நேரம், அதாவது உறக்கம் கெட்ட இரவுகள். உங்கள் தம்பியிடம் ஒன்றை மட்டும் கேட்டுப் பாருங்கள். காலையில் எழுந்த அரை மணி, ஒரு மணி நேரத்துக்குள் கையோ தோளோ திடீரென்று ஒரு வெட்டு வெட்டுகிறதா? பல் துலக்கும்போது பிரஷ் தெறிக்கிறதா, காபி டம்ளர் கைநழுவுகிறதா?

ஒரு தாய் தன் மகளைக் கூட்டிவந்தபோது நடந்ததைச் சொல்கிறேன். பெண்ணுக்குப் 17 வயது, பன்னிரண்டாம் வகுப்பு, ஒரே ஒரு முறை பெரிய வலிப்பு. கை வெட்டுகிறதா என்று கேட்டதற்குப் பெண் இல்லை என்றாள். காலையில் சாமான் ஏதாவது கீழே விழுகிறதா என்று கேட்டேன். தாய் முந்திக்கொண்டு, "ஐயோ, அதை ஏன் கேட்கிறீர்கள் சார், இரண்டு வருஷமாகத் தினம் காலையில் டம்ளரைப் போடுவாள், கவனமே கிடையாது, எத்தனை திட்டு வாங்கியிருக்கிறாள்" என்றார். சொல்லிவிட்டு அவரே நிறுத்தினார். பெண் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, பரிசோதனைக் கட்டிலில் உட்கார்ந்தபடியே, தோள்பட்டையை ஒரு முறை சுண்டிக் காட்டி, "இப்படித்தான் சார் ஆகும், இது எல்லாருக்கும் வரும் என்று நினைத்தேன்" என்றாள். நோயைக் கண்டுபிடிக்க அதற்குமேல் எனக்கு வேறெதுவும் தேவைப்படவில்லை.

இதற்கு இளம்பருவத் தசைவெட்டு வலிப்பு என்று பெயர் சொல்லலாம், மருத்துவர்கள் ஜே.எம்.இ. என்பார்கள். பெரும்பாலும் 12 வயதுக்கும் 18 வயதுக்கும் இடையில் தொடங்கும். மூளையில் கட்டியோ தழும்போ ஏதும் இராது, எனவே ஸ்கேன் நார்மலாகத்தான் இருக்கும். தூக்கம் குறைந்தால், மது அருந்தினால், விட்டுவிட்டு மின்னும் ஒளியைப் பார்த்தால் தூண்டப்படும். கை வெட்டுவதை யாரும் நோய் என்று நினைப்பதில்லை, டாக்டரும் கேட்பதில்லை. ஆகவே பல ஆண்டுகள் இது கண்டுபிடிக்கப்படாமல் போவது உலகெங்கும் காணப்படுகிறது. உங்கள் தம்பிக்கு இதுதான் என்று எழுத்தில் பார்த்து நான் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. ஆனால் கேட்கப்பட வேண்டிய கேள்வி இது. ஏனெனில் எப்டாயினில் உள்ள ஃபெனிடாயின், அதேபோல டெக்ரிட்டாலில் உள்ள கார்பமசெபின், இரண்டும் மூளையின் ஒரு பகுதியில் தொடங்கும் வலிப்புக்கு நன்றாக வேலை செய்பவை, ஜே.எம்.இ.யிலோ, பெரிய வலிப்பை ஓரளவு அடக்கினாலும், கை வெட்டை அதிகமாக்கிவிடக்கூடும். வால்புரோயேட், லெவெடிராசெட்டம், சிலருக்கு லாமோட்ரிஜின் என்று இதற்கு வேறு மருந்துகள் உண்டு. 'நோய் ஒன்றுதான், ஃபிட்ஸ்; மாத்திரையும் ஏதோ ஒன்று' என்று நினைப்பதில் உள்ள ஆபத்து இங்கேதான். இதைப் படித்துவிட்டு எப்டாயினை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். எந்த வலிப்பு மாத்திரையையும் திடீரென்று நிறுத்தினால் ஓயாத வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். மாற்றுவதென்றால் ஒன்றை ஏற்றி, மற்றதை மெல்ல இறக்கித்தான் மாற்ற வேண்டும்.

'எல்லாம் நார்மல் என்றால் மாத்திரை எதற்கு' என்ற கேள்விக்கு வருகிறேன். இ.இ.ஜி. என்பது தலையில் ஒட்டிய இருபது சொச்சம் முனைகள் வழியாக மூளையின் மின்னலைகளைப் பதிவுசெய்வது. ஜெர்மனியின் யேனா நகரில் ஹான்ஸ் பெர்கர் 1924-இல் மனிதத் தலையிலிருந்து முதன்முதலில் பதிவுசெய்தார். வழக்கமான பதிவு அரை மணி நேரம் ஓடும். அந்த அரை மணியில் மூளை அமைதியாக இருந்தால் நார்மல் என்றுதான் வரும். வலிப்பு நோய் உள்ளவர்களிலேயே ஏறக்குறைய பாதிப் பேருக்கு முதல் இ.இ.ஜி.யில் ஒன்றும் தெரியாது. ஆகவே நார்மல் இ.இ.ஜி. வலிப்பு நோயை மறுக்காது. முந்தைய இரவு உறக்கத்தைக் குறைத்து, காலையில், விழிப்பும் தூக்கமும் இரண்டும் பதிவாகும்படி எடுத்தால் கிடைக்கும் வாய்ப்பு கூடும். உங்கள் தம்பியைப் போன்றவர்களுக்கு அப்படித்தான் எடுக்க வேண்டும். தலைக்கு எண்ணெய் வைக்காமல், முதல் நாள் ஷாம்பு போட்டுக் குளித்துவிட்டு வரச் சொல்லுங்கள். எண்ணெய்த் தலையில் முனைகள் ஒட்டாமல் போய், பதிவு முழுதும் கோணல் அலைகளாக வந்து, அதை யாரோ வலிப்பு என்று எழுதிக் கொடுத்த கதையும் உண்டு. இதற்கு நேர்மாறான தவறும் நடக்கிறது. ஆரோக்கியமானவர் சிலரின் இ.இ.ஜி.யிலும் சில்லறை மாறுதல்கள் தெரியும், தலைவலிக்கு இ.இ.ஜி. எடுத்து, அதை வைத்து மாத்திரை தொடங்குவது நோய்க்கு வைத்தியம் அல்ல, காகிதத்துக்கு வைத்தியம்.

ஸ்கேனும் அப்படியே. அவசரத்துக்கு எடுக்கும் சி.டி. ரத்தக்கசிவையும் பெரிய கட்டியையும் காட்டும். நெற்றிப்பொட்டை ஒட்டிய மூளைப் பகுதிக்குள் சுருங்கிக் கிடக்கும் சிறு தழும்பைக் காட்டாது, அதற்கு எம்.ஆர்.ஐ., அதுவும் வலிப்புக்கென்று மெல்லிய வெட்டுகளாக எடுக்கும் முறை வேண்டும். ஆனால் நம் நாட்டில் சி.டி.யும் எம்.ஆர்.ஐ.யும் அடிக்கடி காட்டும் ஒன்று உண்டு: 20 மில்லிமீட்டருக்கும் குறைந்த ஒற்றை வளையம். முன்பெல்லாம் இதை மூளைக் காசநோய் என்று எண்ணி மாதக்கணக்கில் மருந்து கொடுத்தார்கள். இவற்றில் பெரும்பாலானவை நாடாப்புழுவின் முட்டையிலிருந்து வந்த இளம்புழு மடியும்போது உண்டாகும் வீக்கம் என்பதை நிறுவியதில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் பங்கு பெரியது. பன்றி இறைச்சி தின்றால்தான் இது வரும் என்பது தவறு. புழு உள்ளவரின் மலத்திலிருந்து முட்டை கையிலோ கழுவாத காய்கறியிலோ ஏறி யார் வயிற்றுக்குள்ளும் போகலாம், சுத்த சைவர் உட்பட. இந்த வகை வலிப்புக்குப் பெரும்பாலும் நீண்ட காலம் மாத்திரை தேவைப்படாது; வளையம் மறைந்து, தழும்பு மிஞ்சாவிட்டால், சில மாதங்களில் குறைத்து நிறுத்திவிடலாம்.

பேச்சில் கிடைக்கும் விடைக்கு இன்னொரு எடுத்துக்காட்டு, தென்னிந்தியாவில் அதிகம் காணப்படுவது. கர்நாடகத்திலும் நம் பக்கத்திலும், சூடான நீரைச் சொம்பு சொம்பாக வேகமாகத் தலையில் ஊற்றிக் குளிக்கும்போது மட்டும் சிலருக்கு வலிப்பு வரும். பெங்களூரின் நிம்ஹான்ஸ் மருத்துவமனை இதை விரிவாக ஆராய்ந்திருக்கிறது. எத்தனை ஸ்கேன் எடுத்தாலும் இது தெரியாது. 'எங்கே, என்ன செய்துகொண்டிருந்தபோது வந்தது' என்று கேட்டால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். பலருக்கு நீரின் சூட்டைக் குறைத்து, தலைக்கு ஊற்றுவதைக் கடைசியில் வைத்துக்கொண்டாலே போதும். போதாதவர்களுக்கு, தலை குளிப்பதற்கு முன்பு மட்டும் சாப்பிட ஒரு மாத்திரை கொடுப்பதுண்டு.

இனி ஆயுள் முழுக்கவா என்பது. வலிப்பின் வகையைச் சொல்லாமல் இதற்குப் பதில் சொல்லும் டாக்டரை நம்பாதீர்கள். பல வகைகளில் இரண்டு ஆண்டுகள் வலிப்பே இல்லாமல் இருந்தால் மெல்லக் குறைத்துப் பார்ப்பது வழக்கம். குழந்தைப் பருவத்து வலிப்புகள் சில வளர வளரத் தாமே விலகிவிடும். ஜே.எம்.இ. என்றால் மருந்துக்கு மிக நன்றாகக் கட்டுப்படும், ஆனால் நிறுத்தினால் பெரும்பாலோருக்குத் திரும்ப வரும்; ஆகவே நீண்ட காலம் குறைந்த அளவில் தொடர வேண்டியிருக்கும். இதைக் கேட்டு மனம் கலங்க வேண்டியதில்லை. சர்க்கரை நோய்க்கும் ரத்த அழுத்தத்துக்கும் தினமும் மாத்திரை போடுவதை யாரும் மறைப்பதில்லை. பொதுவாக மருந்தின் பலன் எப்படி என்றால், கிளாஸ்கோ நகரில் 525 நோயாளிகளைத் தொடர்ந்து 2000-இல் வெளியான ஆய்வில், அதுவரை மருந்தே எடுக்காதவர்களில் முதல் மருந்திலேயே 47 சதவீதம் பேருக்கு வலிப்பு நின்றது, இரண்டாவது மருந்தில் மேலும் 13 சதவீதம் பேருக்கு. அதற்கப்புறம் சேர்ந்தவர்கள் மிகச் சிலர். தகுந்த இரண்டு மருந்துகளைச் சரியான அளவில் கொடுத்தும் நிற்கவில்லை என்றால், அதை மருந்துக்கு அடங்காத வலிப்பு என்று வலிப்பு நோய்க்கான சர்வதேச மருத்துவ அமைப்பு வரையறுத்திருப்பது இந்தக் காரணத்தால்தான். அந்த நிலையில்தான் நான் முதலில் சொன்ன தனி நிபுணரும், நாட்கணக்கில் வீடியோவுடன் இ.இ.ஜி. எடுக்கும் மையமும் தேவை.

அப்படிப்பட்டவர்களில் ஒரு பகுதியினருக்கு அறுவை சிகிச்சையே குணம் தரும் என்பது நம் மக்களுக்குப் போய்ச் சேராத செய்தி. 1949-இல் வேலூரில் நாட்டின் முதல் நரம்பியல் அறுவைத் துறையைத் தொடங்கிய ஜேக்கப் சாண்டி, மாண்ட்ரீலில் வலிப்பு அறுவை சிகிச்சையின் முன்னோடியான வைல்டர் பென்ஃபீல்டிடம் பயின்றவர். வலிப்புக்கான அறுவை சிகிச்சை 1950-களின் தொடக்கத்திலேயே வேலூரில் நடந்தது. ஸ்ரீ சித்திரையில் 1995 முதல் அது பெரிய அளவில் நடந்துவருகிறது. தில்லி எய்ம்ஸ் 2017-இல் வெளியிட்ட ஆய்வில், மருந்துக்கு அடங்காத 116 குழந்தைகளில் அறுவை செய்யப்பட்டவர்களில் 77 சதவீதம் பேர் ஓராண்டு முழுதும் வலிப்பின்றி இருந்தனர்; மருந்தை மட்டும் தொடர்ந்தவர்களில் 7 சதவீதம் பேர்தான். உங்கள் தம்பிக்கு இது பொருந்தாது. உறவினர் யாரேனும் பத்து ஆண்டாக மூன்று மாத்திரையோடு போராடிக்கொண்டிருந்தால் அவரிடம் சொல்லுங்கள்.

இந்த நோய்க்கு நாம் வைத்திருக்கும் பெயரைப் பற்றியும் ஒரு சொல். கால் கை வலிப்பு என்பதுதான் வாயில் தேய்ந்து 'காக்காய் வலிப்பு' ஆயிற்று. காக்கைக்கும் இதற்கும் தொடர்பில்லை. அதற்கு முந்தைய பெயர் முயலகன். கொல்லி மழவன் மகளுக்கு வந்த முயலகன் நோயை ஞானசம்பந்தர் பதிகம் பாடித் தீர்த்தார் என்பது திருச்சிக்கு அருகிலுள்ள திருவாசிக் கோயிலின் வரலாறு. வலிப்பு வந்தவர் கையில் இரும்புச் சாவியைத் திணிப்பது மட்டும் இன்னும் நம்மை விடவில்லை. பெரும்பாலான வலிப்புகள் இரண்டு மூன்று நிமிடத்தில் தாமாகவே நின்றுவிடும். சாவியைத் தேடி எடுத்துவரும் நேரமும் அதுவே. அதனால் சாவிக்குப் பெயர் கிடைத்தது. விடுதி நண்பர்களுக்கு நீங்கள் சொல்ல வேண்டியது: ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், கழுத்துப் பட்டனைத் தளர்த்துங்கள், வாய்க்குள் எதையும் வைக்காதீர்கள், கை கால்களை அழுத்திப் பிடிக்காதீர்கள், கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடத்தைத் தாண்டினாலோ, தெளியாமலே மறுபடி வந்தாலோ 108-ஐ அழைத்துவிடுங்கள். மூக்கில் அடிக்கும் மிடாசோலாம் ஸ்பிரே கிடைக்கிறது. அளவை டாக்டரிடம் எழுதி வாங்கி அறையில் ஒன்று வைத்திருப்பது நல்லது.

வண்டி ஓட்டுவதை இப்போதைக்கு முற்றிலும் நிறுத்தச் சொல்லுங்கள். ஓட்டுநர் உரிமத்துக்கான உடல்தகுதிப் படிவத்திலேயே வலிப்பு உண்டா என்ற கேள்வி இருக்கிறது. கிணற்றிலும் ஆற்றிலும் தனியாக இறங்கக் கூடாது, குளியலறைக் கதவைத் தாழிடக் கூடாது. தூக்கம் ஏழு மணி நேரமாவது வேண்டும். பரீட்சைக்கு முதல் நாள் இரவு கண்விழிப்பது இவனுக்கு மட்டும் ஆகாது என்பதைக் கல்லூரிப் பேராசிரியரிடம் சொல்லி வைப்பதில் வெட்கம் ஏதுமில்லை. திருமணத்தைப் பற்றி வீட்டில் இப்போதே பேச்சு எழும், எழுந்திருக்கும். இந்து திருமணச் சட்டத்தில் வலிப்பு ஒரு தடையாக இருந்தது. 1999-இல் கொண்டுவந்த திருத்தம் அதை நீக்கிவிட்டது. ஆனால் நோயை மறைத்து மணம் முடித்து, மாத்திரையையும் மறைத்து வைக்கப்போய், அதனாலேயே வலிப்பு வந்து சிக்கலானவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். இதே நோய் ஒரு தங்கைக்கு வந்திருந்தால் இன்னொன்றும் சொல்லியிருப்பேன்: கருவுறும் வயதுப் பெண்ணுக்கு வால்புரோயேட்டை முடிந்தவரை தவிர்க்க வேண்டும், குழந்தைக்கு உறுப்புக் குறைபாடும் அறிவு வளர்ச்சிக் குறைவும் வரும் வாய்ப்பை அது கூட்டுகிறது.

நல்ல டாக்டரை எப்படி அறிவது என்றேன் அல்லவா? முதல் சந்திப்பில் ஸ்கேன் உறையைப் பிரிப்பதற்கு முன்பு, "பார்த்தது யார், என்ன பார்த்தீர்கள்" என்று கேட்டு, குறுக்கிடாமல் கேட்பவர். வலிப்பின் வகையைப் பெயர் சொல்லி எழுதுபவர். மருந்தின் பக்கவிளைவைத் தாமே சொல்பவர். தம்பிக்கு வலிப்பு வந்த இரண்டு முறையும் நீங்கள் அங்கு இல்லை, விடுதி அறைத் தோழன்தான் இருந்திருப்பான். சந்திப்புக்குப் போகும்போது அவனையும் கூட்டிச் செல்லுங்கள். வர முடியாதென்றால், எத்தனை மணிக்கு டாக்டரின் அறைக்குள் இருப்பீர்கள் என்று சொல்லி வைத்து, அங்கிருந்தே அவனுக்குப் போன் போட்டு டாக்டரிடம் கொடுங்கள்.